மூலையில் கிடக்கும் கணனிக்கும் இணையம் வரும்

வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கணனியை என்ன செய்வது என்ற கேள்வி கண்டிப் பக்கத்துச் சகோதரிகள் பலரிடம் இருக்கிறது. மகள் சாதாரண தரம் படித்த காலத்தில் தவணைக் காசுக்கு வாங்கியது, தையல் வகுப்பு நடந்த மண்டபத்துக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்தது, வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி விட்டுவிட்டுப் போன லப்டொப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். விற்கப் போனால் இரும்பு விலைதான் சொல்கிறார்கள். திருத்தக் கொண்டுபோனால், "அக்கா, இது பழசு. இதுக்கு இப்ப நெட் வராது. புதுசு ஒன்று எடுங்கோ" என்கிறார்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை. சில கணனிகள் உண்மையிலேயே இணையத்துக்கு உதவாத அளவுக்கு முதுமை அடைந்துவிட்டன. ஆனால் பத்து, பதினைந்து வருடம் பழைய கணனிகளில் பலவற்றை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரே இணைய இணைப்போடு, ஒரு சிறிய ரவுட்டர் பெட்டியின் மூலம் சேர்த்துவிடலாம். ஒரு கணனிக்கு ஒரு இணைப்பு என்று தனித்தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. எது முடியும், எது முடியாது, எதற்குச் செலவு செய்யலாம், எதற்குச் செய்யக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவதற்காகவே இந்தக் கட்டுரை.

"எல்லாம் கைத்தொலைபேசியிலேயே செய்யலாமே, கணனி எதற்கு?" என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். வெளிநாட்டில் உள்ள உறவினரோடு கதைப்பதற்கும் பரீட்சை முடிவு பார்ப்பதற்கும் கைத்தொலைபேசி போதும். ஆனால் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அச்செடுக்க, வேலைக்குச் சுயவிபரக் கோவை தயாரிக்க, பிரதேச செயலகத்துக்கு முறையான கடிதம் எழுத, தையல் கணக்கு வழக்கை ஒழுங்காக வைத்திருக்க, பெரிய திரையும் விசைப்பலகையும் வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடம். அதைக் கைத்தொலைபேசியில் படித்துவிட்டுப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளை, வீட்டில் கணனி உள்ள பிள்ளையோடு எப்படிப் போட்டி போடும்?

1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கும் போரில் எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் இந்தப் பக்கத்து உறவினர்களிடம் வந்து சேர்ந்த குடும்பங்கள் உண்டு. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்து கண்டி, கம்பளை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாடகை வீட்டில் தங்கியவர்களும் உண்டு. இவர்களுக்குக் கடிதமும் படிவமும் ஓயாத வேலை. பிறப்புச் சான்றிதழின் பிரதி, காணி, ஓய்வூதியம், காணாமற்போனவர் பற்றிய முறைப்பாடு என்று ஒன்று முடிய மற்றொன்று வரும். ஒவ்வொரு தடவையும் தொடர்பாடல் நிலையத்துக்குப் போய்ப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பதும், பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்கத் தன் சொந்தத் துயரத்தைத் தட்டச்சு செய்யச் சொல்வதும் எவ்வளவு சங்கடம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

கொத்மலையில் ஓர் இணைப்பைப் பகிர்ந்த விதம்

ஓர் இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிய விடயமல்ல. கம்பளைக்கு அப்பால் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பல கிராமங்கள் நீரில் மூழ்கின, மக்கள் இடம்பெயர்ந்தார்கள். மகாவலித் திட்டத்தால் இப்படி இடம் மாறிய மக்களுக்கான சமூக வானொலிச் சேவையின் தொடர்ச்சியாக, 1989இல் கொத்மலை சமூக வானொலி ஆரம்பமானது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு அந்தச் சிறிய நிலையத்துக்கு இணைய இணைப்பு வந்தது. அதன் வேகம் செக்கனுக்கு 64 கிலோபிட்.

இந்த வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 64 கிலோபிட் என்றால் 8 கிலோபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் 2 மெகாபைட் அளவான ஒரு படம் அந்த இணைப்பில் வந்து சேர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட மெல்லிய நூல் போன்ற இணைப்பைக் கொண்டு அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கேட்போர் தங்கள் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடையைத் தேடி, வைத்தியர் போன்ற விடயம் தெரிந்தவர்களை அருகில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் இருந்ததைக் கேட்போரின் மொழியில் வானொலியிலே விளக்கினார்கள். கணனியைத் தொட்டே பார்க்காத ஒரு விவசாயிக்கும் இணையம் காதுவழியே போய்ச் சேர்ந்தது. கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் உள்ள பொது நூலகங்களில் மக்கள் தாங்களே பாவிப்பதற்கும் கணனிகள் வைக்கப்பட்டன. உலகின் பல நாடுகளில் இதை முன்மாதிரியாக எடுத்துப் பேசினார்கள்.

ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தபடியால், சுற்றியிருந்த தோட்டங்களின் தமிழ்ப் பெண்களுக்கு அதன் பயன் குறைவாகவே எட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நிலையம் ஊருக்குச் செய்ததைத்தான் ரவுட்டர் வீட்டுக்குள் செய்கிறது: ஒரு வாசலால் வருவதைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. 2000களில் தொலைபேசிக் கம்பி வழியே வீடுகளுக்கு வந்த அகலப்பட்டை இணைப்பு 512 கிலோபிட் என்று விற்கப்பட்டது. அதுவே கொத்மலை நிலையத்தின் இணைப்பைப் போல எட்டு மடங்கு. இன்றைய இணைப்புகள் அதையும் பல மடங்கு தாண்டிவிட்டன. ஒரு வீட்டில் மூன்று கணனிக்குப் பங்கிட இது தாராளம்.

ரவுட்டர் எப்படிப் பங்கிடுகிறது என்பதைத் தோட்டப்புறச் சகோதரிகள் உடனே விளங்கிக்கொள்வார்கள். லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாமல், கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கே வந்து அங்கிருந்துதானே ஆளுக்காள் பிரித்துக் கொடுக்கப்படும்? அது போலத்தான். வெளியுலகுக்கு உங்கள் வீடு முழுவதற்கும் ஒரே ஒரு இணைய முகவரி. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கணனிக்கும் ரவுட்டர் 192.168.1.2, 192.168.1.3 என்பது போல ஓர் உள் இலக்கத்தைக் கொடுக்கிறது. எந்தக் கணனி எதைக் கேட்டது என்பதைக் குறித்து வைத்து, பதில் வந்ததும் சரியான கணனிக்கு அனுப்புகிறது. இந்த முறையை 1994இல் வகுத்தார்கள். தோட்ட அலுவலகத்தில் கடிதம் கிடந்து நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்துபோன கதைகள் நமக்குத் தெரியும். ரவுட்டர் அப்படிக் கடிதத்தைக் கிடப்பில் போடுவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டுக்கு வருவது எது?

முதலில் வீட்டுக்குள் இணையம் எந்த வழியால் வருகிறது என்று பாருங்கள். பழைய முறை, தொலைபேசிச் செப்புக் கம்பி. இதில் குரலையும் இணையத்தையும் பிரிக்கும் சிறிய பெட்டி ஒன்று சுவரில் இருக்கும். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தூரமாக இருக்கும் அளவுக்கு இதன் வேகம் குறையும். இரண்டாவது, கண்ணாடி இழை. மெல்லிய வயர் ஒன்று வந்து நிறுவனம் தந்த பெட்டியில் முடியும். அந்த வயரை மடிக்கவோ நெருக்கி வளைக்கவோ கூடாது. மூன்றாவது, சிம் அட்டை போட்டுப் பாவிக்கும் 4ஜி ரவுட்டர்.

கண்டி மலைகளுக்கு இடையே இருக்கும் ஊர். ஒரே லயத்தின் ஒரு கோடியில் சிக்னல் நன்றாக இருக்கும், மறு கோடியில் இருக்காது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையத்தில் வந்த காலத்தில், நாட்டின் பல இடங்களில் பிள்ளைகள் பாறை மேலும் மரத்தின் மேலும் ஏறிச் சிக்னல் தேடிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 4ஜி ரவுட்டரில் உள்ள பெரிய வசதி இதுதான். சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரத்தில் அதை வைத்துவிட்டு, அங்கிருந்து வயர் மூலம் உள்ளறையில் உள்ள கணனிக்கு இணையத்தைக் கொண்டுவரலாம். பிள்ளை பாறையில் ஏற வேண்டாம், பெட்டி ஜன்னலில் ஏறினால் போதும்.

எந்த முறையாக இருந்தாலும் பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றோ, இரண்டோ, நான்கோ ஒரே மாதிரியான சதுரத் துளைகள் இருக்கும். பழைய கணனிக்கு உயிர் கொடுக்கப் போவது அவைதான். இவற்றை லேன் துளை என்பார்கள்.

இனிக் கணனியின் பின்பக்கம். அங்கே தொலைபேசி வயர் போகும் ஒடுக்கமான துளை ஒன்று இருக்கலாம். அது டயல்-அப் காலத்து மோடத்துக்கு உரியது. இப்போது அதனால் பயனில்லை. அதைவிடக் கொஞ்சம் அகலமாக, உள்ளே எட்டுச் செப்புக் கோடுகளுடன் ஒரு துளை இருக்கிறதா? இருந்தால் அதுதான் லேன். இல்லாவிட்டால் கணனியைத் திறந்து லேன் அட்டை ஒன்றைச் செருகலாம். பழைய உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். பெரிய செலவு இல்லை. இவ்வளவு பழைய அட்டையின் வேகம் போதுமா என்று யோசிக்க வேண்டாம். மிகப் பழைய அட்டையே செக்கனுக்கு 10 மெகாபிட் கடத்தும். பிள்ளையின் பாட வீடியோ ஒன்றுக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது. கணனி மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

லேன் கேபிள் ஒன்றை 100 மீற்றர் வரை இழுக்கலாம் என்பது கணக்கு. ஒரு வீட்டுக்கு 10 மீற்றரே அதிகம். இரு முனையிலும் பிளக் பொருத்திய கேபிளாகவே வாங்குங்கள். ஒரு முனை ரவுட்டரிலும் மறு முனை கணனியிலும் "டிக்" என்ற சத்தத்தோடு பொருந்த வேண்டும். கணனியைப் போட்டதும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சம் பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ எரியும், மினுங்கும். வெளிச்சம் இல்லையென்றால் கேபிளில் அல்லது அட்டையில் பிழை. வெளிச்சம் இருந்தும் இணையம் வரவில்லையென்றால் பிழை கணனியின் அமைப்பில். கடைக்காரரிடம் போகும் முன் இந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு போனால், அவர் சொல்வது சரியா என்று உங்களுக்கே விளங்கும்.

வயர் கொடுத்தும் வராவிட்டால்

நான் பார்த்தவரையில், பழைய கணனி இணையத்துக்கு வர மறுப்பதற்கு மூன்று சின்னக் காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, அது இன்னும் டயல்-அப் காலத்திலேயே இருப்பது. எக்ஸ்.பி., அதற்கு முந்திய விண்டோஸ் கணனிகளில், இணையத்தைத் திறந்ததும் தொலைபேசி இலக்கத்தைச் சுழற்றப் பார்க்கும் ஒரு பெட்டி வரும். "இன்டர்நெட் ஒப்ஷன்ஸ்" என்ற இடத்தில் "கனெக்ஷன்ஸ்" என்பதற்குள் போய் "நெவர் டயல் எ கனெக்ஷன்" என்பதைத் தெரிவு செய்தால் அது அடங்கிவிடும்.

இரண்டாவது, முன்பு ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்த கணனி அந்த அலுவலகத்தின் இலக்கத்தையே பிடித்துக்கொண்டிருப்பது. நன்கொடையாக வந்த கணனிகளில் இதுவே அதிகம். வலையமைப்பு அமைப்புகளுக்குள் "ஒப்டெய்ன் ஆன் ஐ.பி. அட்ரஸ் ஒட்டோமெட்டிக்கலி" என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அப்போதுதான் ரவுட்டர் கொடுக்கும் புதிய இலக்கத்தை அது ஏற்றுக்கொள்ளும். அதே அலுவலகத்தின் "புரொக்ஸி" அமைப்பு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது காரணம் வேடிக்கையானது. இணையம் வந்திருக்கும், ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வரும். கீழ் மூலையில் மணிக்கூட்டைப் பாருங்கள். 2002 என்றோ 2009 என்றோ ஆண்டு காட்டும். கணனிக்குள் நாணயம் அளவான ஒரு பற்றரி இருக்கிறது, சி.ஆர். 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலேயே தருவார்கள். அது செத்துப் போனால் கணனிக்கு இன்று என்ன நாள் என்பது மறந்துவிடும். தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்பத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. தவறான ஆண்டில் இருக்கும் கணனி அந்தச் சான்றிதழை நம்பாது. பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதற்காகப் புதுக் கணனி வாங்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள்!

வயர் இழுக்க வசதியில்லாமல் வைபை மூலம் இணைப்பதென்றால் ஒன்றிரண்டு விடயங்கள். இப்போதைய ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையில் ஒலிபரப்புகின்றன. பழைய லப்டொப்புக்கு 5 தெரியவே தெரியாது, 2.4இல் உள்ள பெயரைத்தான் தேட வேண்டும். மிகப் பழைய லப்டொப்புகள் வெப் எனப்படும் பழைய பூட்டை மட்டுமே அறியும். அதற்காக ரவுட்டரின் பூட்டை வெப்புக்கு இறக்காதீர்கள். அந்தப் பூட்டை உடைக்கலாம் என்பது 2001ஆம் ஆண்டிலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. அந்த லப்டொப்பை வயரில் இணைப்பதே நல்லது. ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுச் சிக்னல் இல்லையென்று கவலைப்படுவதும் வேண்டாம்.

எந்தக் கணனியை வைத்திருப்பது, எதை விடுவது

விண்டோஸ் 98 போட்ட கணனி இன்றைய இணையத்துக்கு உதவாது. தளங்கள் திறக்காது, தமிழும் சதுரக் கட்டங்களாகவே தெரியும். பாமினி எழுத்தில் தட்டச்சுப் பழக மட்டும் வைத்திருக்கலாம். அதன்மேல் ஒரு சதமும் செலவிட வேண்டாம்.

எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் நிறுத்தியது. விண்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. திருத்தம் வராத கணனி என்பது கொண்டி கழன்ற கதவு மாதிரி. கதவு இருக்கும், மூடவும் மூடும், ஆனால் தெரிந்தவன் தள்ளினால் திறக்கும். ரவுட்டர் வெளியிலிருந்து நேரே தள்ளுபவர்களை ஓரளவு தடுக்கும். நீங்களே திறக்கும் கெட்ட தளத்தையும், மின்னஞ்சலில் வரும் கெட்ட கோப்பையும் அது தடுக்காது. ஆகவே இப்படிப்பட்ட கணனியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். அந்தக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யவே வேண்டாம்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவில் போட்டு, கணனியில் எதையும் அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம். திரை, விசைப்பலகை, இணையம் எல்லாம் சரியாக வேலை செய்தால் பிறகு நிரந்தரமாகப் போடலாம். 64 பிட் கணனியாக இருக்க வேண்டும். கோர் டூ டுவோவும் அதற்குப் பின் வந்தவையும் அநேகமாக அப்படித்தான். நினைவகம் 4 ஜி.பி. இருந்தால் வசதி. 32 பிட் கணனிகளைப் புதிய லினக்ஸ்கள் பலவும் கைவிட்டு வருகின்றன.

கையில் கொஞ்சம் காசு இருந்து ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், பழைய சுழலும் ஹாட் டிஸ்குக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போடுங்கள். பத்து நிமிடம் எடுத்துத் திறந்த கணனி ஒரு நிமிடத்தில் திறப்பதைப் பார்த்தால் அதே கணனிதானா என்று சந்தேகம் வரும். இன்னொரு விடயமும் உண்டு. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத கணனிகளை அலுவலகங்கள் கழித்து வருகின்றன. அவற்றில் பல லினக்ஸுக்கு நன்றாகவே போதும். பழைய கணனி ஒன்றை வாங்குவதாக இருந்தால் இது பேரம் பேசத் தக்க காலம்.

மாத டேட்டாவையும் கவனியுங்கள். மூன்று கணனியும் ஒரே பொதியிலிருந்துதான் எடுக்கும். ஒரு கணனி பின்னால் இருந்துகொண்டு திருத்தங்களைத் தானாக இறக்கினால், மாதக் கடைசியில் பிள்ளையின் பாடத்துக்கு டேட்டா இருக்காது. வீடியோக்களின் தரத்தைக் குறைத்துப் பார்ப்பது இந்த விடயத்தில் பெரிய சிக்கனம்.

சாவி யார் கையில்?

ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. வைபையில் சேர்வதற்கு ஒன்று. ரவுட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கு இன்னொன்று. இரண்டாவது பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் அல்லது "அட்மின்" என்றே இருக்கும். பூட்டித் தருவதற்கு வந்தவரோ, உதவி செய்த பக்கத்து வீட்டுப் பையனோ அதை அறிந்திருப்பார். அவர் போனதும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். அவர் மீது சந்தேகம் என்பதற்காக இல்லை. வாடகை வீட்டுக்குக் குடிபோனால் பூட்டை மாற்றுகிறோமே, அது போலத்தான்.

இரண்டாவது கடவுச்சொல்லை வைத்திருப்பவர் எந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். விரும்பிய கருவியை நிறுத்தவும் செய்யலாம். வீட்டில் ஒருவர் கோபம் வந்தால் மற்றவரின் இணையத்தை நிறுத்துவது, யாரோடு கதைத்தாய் என்று குடைவது எல்லாம் நடக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. இணைப்புக்குக் காசு கட்டுவது நீங்கள் என்றால் அந்தக் கடவுச்சொல் உங்கள் கொப்பியில் இருக்க வேண்டும். இணையத்தால் தொந்தரவோ மிரட்டலோ வந்தால் பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும் கொடுத்தால் என்ன என்று மனம் கேட்கும். கொடுக்கலாம், ஆனால் பல ரவுட்டர்களில் விருந்தினருக்கான தனி வைபை இருக்கிறது; அதைக் கொடுங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பொறுப்பும் கேள்வியும் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் கண்டியில் பின்னேரத்தில் இடி மின்னல் கடுமை. செப்புக் கம்பி வழியே மின்னல் வந்து ரவுட்டரை மட்டுமல்லாமல், லேன் வயர் வழியே கணனிகளையும் சேர்த்து எரித்துவிடும். வானம் இருட்டும்போதே மின்சாரப் பிளக், தொலைபேசி வயர் இரண்டையும் கழற்றுங்கள். ஸ்விட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அந்தப் பெட்டிக்கும் மின்சாரப் பிளக் உண்டு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் லேன் கேபிள் இழுப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். அநேக ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கென்றே சிறிய பற்றரிப் பெட்டி விற்கிறார்கள். பழைய லப்டொப்பின் பற்றரி கொஞ்சமாவது தாங்கினால், மின்சாரம் இல்லாத நேரத்திலும் ஒரு விண்ணப்பத்தை அனுப்பி முடிக்கலாம்.

கடுதாசிகள்

கணனி இயங்கத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் பாட்டும் நாடகமும்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் அந்த வாரமே ஒரு பின்னேரத்தை ஒதுக்கி, ட்ரங்குப் பெட்டியில் உள்ள கடுதாசிகளை எடுங்கள். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், முகாமில் தந்த குடும்ப அட்டை, காணாமற்போனவரின் அடையாள அட்டைப் பிரதி, திருமணப் பதிவு, காணி உறுதி. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு 2018இல் வேலை தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமாகட்டும், வேறு எந்த அலுவலகமாகட்டும், திரும்பத் திரும்பக் கேட்பது இவற்றைத்தான். ஒவ்வொன்றையும் நல்ல வெளிச்சத்தில் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் கணனியில் ஏற்றி, யாருடையது, எந்தத் திகதி என்று பெயரிட்டு வையுங்கள். "ஐ.எம்.ஜி. 0043" என்ற பெயரில் கிடந்தால் தேவையான நாளில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய கணனியின் ஹாட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடியது. அதனால் இரண்டு பென்டிரைவில் பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், மற்றது வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான உறவினரிடம் இருக்கட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் கண்டி மாவட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டபோது, உயிர் தப்பினால் போதும் என்று கையோடு எதையும் எடுக்காமல் ஓடிவந்தவர்கள் பலர். வாக்குமூலம், சாட்சியம் போன்ற பிறர் பார்க்கக் கூடாத கோப்புகளைப் பொது மண்டபத்துக் கணனியில் வைக்க வேண்டாம். பென்டிரைவில் மட்டும் வைத்து, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணனியின் குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டு எழும்புங்கள்.